மாறாத ஆறு எழுத்துகள்

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. ஃபோட்டோகாப்பி இயந்திரத்தில் சிக்கியது.

என் பெயர் யோகம். சிங்கப்பூரில் ஒரு மருத்துவ நூலகத்தில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுகதை எழுதுவேன். அவற்றில் மூன்று பத்திரிகையில் வந்திருக்கின்றன. (இரண்டு. மூன்றாவது வாசகர் கடிதம்.)

1988 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய உணவுக்குச் சற்று முன், இயந்திரம் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. மூடியைத் திறந்து இழுத்தேன். கசங்கிய தாள் ஒன்று வந்தது. அதில் வாக்கியம் எதுவும் இல்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டும், இடைவெளியே இல்லாமல், எறும்பு வரிசை மாதிரி மேலிருந்து கீழ் வரை போயின.

வாசலில் இருந்த காவலாளி அஸ்மத் எட்டிப் பார்த்தார். "நம்பரா இருந்தா ஃபோர் டி லாட்டரி வாங்கலாம். எழுத்தா இல்ல இருக்கு" என்று ஏமாற்றத்தோடு நாற்காலிக்குத் திரும்பினார்.

"அது என்னோடதுக்கா" என்றது பின்னால் ஒரு குரல்.

அதுதான் மதலேனா. மேல் மாடியில் ரத்த ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன். இருபத்தொன்பது வயது. வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் வைத்திருப்பாள். அவளை எனக்கு முகம் தெரியும், பேசியதில்லை.

"இது என்ன மொழி?" என்று கேட்டேன்.

"ரத்தம்க்கா" என்றாள். "மாட்டு ரத்தம். மனுஷனோடது இன்னும் மெஷினுக்குள்ள இருக்கு. கிழிக்காம எடுங்க."

இப்படி ஒருத்தி சொன்னால் எழுதுகிறவள் சும்மா இருப்பாளா? அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

2

நான் எழுதிய முதல் தொடக்கம் இது:

"ஆராய்ச்சிக்கூடத்தின் மங்கிய விளக்கொளியில் அமர்ந்திருந்த மதலேனாவின் விழிகளில் நீர் திரண்டது. அவள் குடும்பத்தின் குருதியில் ஒரு சாபம் தலைமுறை தலைமுறையாக—"

எழுதியதைச் சம்பந்தப்பட்டவரிடம் காட்டக் கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது. காட்டினேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே படித்தாள்.

"எங்க லேப்ல ஃப்ளோரசன்ட் லைட்டுக்கா. மங்கலா இருந்தா ஒரு வேலை நடக்காது. அப்புறம் நான் எங்க அழுதேன்?"

"அழவே இல்லையா?"

"லேப்ல அழுதா சாம்பிள்ல விழும்லா."

சிவப்புப் பென்சிலை எடுத்து முழுப் பத்தியையும் அடித்தாள். அன்றைக்கு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அவளைப் பற்றி நான் எழுதலாம். அவள் படித்துவிட்டு எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். நான் ஏன் என்று கேட்கக் கூடாது.

இரண்டாம் தொடக்கம் ஒரு கட்டுரை போல ஆரம்பித்தது. "மனித உடலில் ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அது உடலுக்குள் உறையக் கூடாது. வெளியே வந்தால் உறையாமல் இருக்கக் கூடாது. இந்த விசித்திரமான..." இதை எழுதும்போது நானே தூங்கிவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம் கல்யாணத்தில் ஆரம்பித்தது. மதலேனா அதைப் படித்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்றாள்.

"உனக்குத்தான்."

"நான் இன்னும் சரின்னு சொல்லலையே" என்று அதையும் அடித்தாள்.

ஆகவே இந்தக் கதைக்குத் தொடக்கம் கிடையாது. நீங்கள் ஏற்கனவே இரண்டாம் பகுதிக்கு வந்துவிட்டதால் அது பெரிய நஷ்டமும் இல்லை.

3

இப்போது கொஞ்சம் பாடம். பயப்பட வேண்டாம். எனக்குப் புரிந்த அளவுதான் சொல்லப்போகிறேன். எனக்குப் புரிந்தது கொஞ்சம்.

அடிபட்டால் ரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் வேலை செய்கின்றன. அதில் ஒன்றின் பெயர் ஒன்பதாம் காரணி. ஒவ்வொரு புரதமும் ஒரு நீளச் சங்கிலி. சங்கிலியின் கண்ணிகள் இருபது வகை. ஒவ்வொரு வகைக்கும் ஓர் ஆங்கில எழுத்து. ஒன்பதாம் காரணியை எழுதினால் நானூற்றுப் பதினைந்து எழுத்துகள் வரும். இயந்திரத்தில் சிக்கியது அதுதான்.

மதலேனாவின் லேப் மேசை அகலம் போதாது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நூலகத்தின் நீள மேசைக்கு வருவாள். கட்டம் போட்ட தாளை நீள நீளமாக வெட்டி, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதி வைத்திருந்தாள். ஒரு பட்டை மனித ரத்தத்தின் ஒன்பதாம் காரணி. அதற்குக் கீழே மாட்டினுடையது. அதற்குக் கீழே பத்தாம் காரணி, ஏழாம் காரணி, பிறகு ரத்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேறு புரதங்கள். பட்டைகளை இடமும் வலமுமாக நகர்த்துவாள். பொருந்தாத இடத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு மறுபடி எழுதுவாள். லேப்பில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு முன்னால் எப்போதும் ஒரு டாக்டர் உட்கார்ந்திருப்பார்.

ஒரு வாரம் பார்த்தேன். பட்டைகள் நகர்ந்துகொண்டே இருந்தன. இரண்டாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, அவள் நகர்த்துவதை நிறுத்திவிட்டு சிவப்புப் பென்சிலை எடுத்தாள். 'சி' என்ற எழுத்து வருகிற கட்டங்களை மட்டும் நிரப்பினாள். நிரப்பி முடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி, "அக்கா, இங்க நின்னு பாருங்க" என்றாள்.

பன்னிரண்டு பட்டைகள் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கிடந்தன. மற்ற எழுத்துகள் எல்லாம் பட்டைக்குப் பட்டை மாறியிருந்தன. ஆனால் ஒரு சிறிய பகுதியில், நாற்பது எழுத்து நீளம் இருக்கும், சிவப்புக் கட்டங்கள் மேலிருந்து கீழே நேர்கோடாக இறங்கின. ஆறு கோடுகள். யாரோ அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி.

"இந்தத் துண்டு இருக்கே, இது பல புரதத்துல திரும்பத் திரும்ப வருது. இங்க வெளிநாட்டுக்காரங்க ஏற்கனவே எழுதியிருக்காங்க" என்று ஒரு சஞ்சிகையைத் தட்டினாள். "நான் கையால போட்டுப் பாக்கணும்னு நினைச்சேன். மத்த எழுத்தெல்லாம் மாறினாலும் இந்த ஆறு 'சி' மாறாது."

"ஏன் மாறாது?"

"ரெண்டு ரெண்டு 'சி'யா கொக்கி மாதிரி மாட்டிக்கும். மூணு கொக்கி. அது இருந்தாத்தான் அந்தத் துண்டு சரியா மடிஞ்சு நிக்கும். ஒண்ணு போனா அவிழ்ந்துடும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "மாறாதுன்னு இல்லக்கா. மாறியிருக்கும். மாறினது நிலைக்கல."

கடைசிப் பட்டையைக் காட்டி அது என்ன மிருகம் என்று கேட்டேன்.

"ஈ. வாழப்பழத்துல மொய்க்குமே, அந்தக் குட்டி ஈ."

நான் அதை நம்பவில்லை. அவள் சஞ்சிகையைத் திறந்து காட்டினாள். ஈதான்.*

* நான் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் ஈயைப் போட்டிருக்க மாட்டேன். சிங்கமோ யானையோ போட்டிருப்பேன். அதனால்தான் நான் ஆராய்ச்சியாளர் ஆகவில்லை.

4

ஆனால் ஒருத்தி ஏன் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து மாட்டையும் ஈயையும் அடுக்கிக்கொண்டிருக்க வேண்டும்? இதை அவள் ஏப்ரலில்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை என்று எழுத ஆசை. நான்கு முறை கேட்டேன்.

அவளுக்கு இரண்டு தம்பிகள். மூத்தவன் லாசரஸ். 1969இல், ஒன்பது வயதில், சொத்தைப் பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமல் மூன்றாம் நாள் இறந்துபோனான். அதற்குப் பிறகுதான் டாக்டர்கள் இளையவனைச் சோதித்தார்கள். ஐந்து வயது ஆம்ப்ரோஸுக்கும் அதே நோய். அவன் உடம்பில் ஒன்பதாம் காரணி உருவானாலும் வேலை செய்யவில்லை.

ஆம்ப்ரோஸுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. தஞ்சோங் பகார் அடுக்குமாடி வீட்டில் அம்மாவோடும் அக்காவோடும் இருந்தான். ஜூரோங் கப்பல் பட்டறையில், ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறித்து வைக்கும் நேரக் காப்பாளர் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய்வருவான். உட்கார்ந்து செய்கிற வேலைதான். மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து இரண்டு முழங்காலும் வளைந்து போயிருந்தன. எங்கேயாவது இடித்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி ஏற்றிக்கொண்டு வருவான். ஈ விஷயத்தை மதலேனா அவனிடம் சொன்னபோது, "அப்ப இனிமே வீட்ல ஈ அடிக்கக் கூடாது. சொந்தக்காரங்க" என்றானாம்.

இந்த நோய் ஆண்களுக்கு வரும், பெண்கள் சுமப்பார்கள். அம்மா அல்போன்சம்மாள் சுமந்தவர். மதலேனா சுமக்கிறாளா இல்லையா என்பது காசு சுண்டிப் பார்ப்பது போல, பாதிக்குப் பாதி. அவள் சுமந்தால், அவளுக்குப் பிறக்கிற ஒவ்வொரு மகனுக்கும் மறுபடி பாதிக்குப் பாதி.

ரத்தம் உறையும் வேகத்தை வைத்து ஒரு சோதனை இருந்தது. அதை அவள் இரண்டு முறை செய்துகொண்டாள். அளவு கொஞ்சம் குறைவாக, ஆனால் ரொம்பக் குறைவாக இல்லாமல், நடுவில் வந்து நின்றது. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றது ரிப்போர்ட்.

இந்த நிலைமையில் ஜார்ஜ் வந்தார். மார்சிலிங்கில் வீடு, தொடக்கப்பள்ளி ஆசிரியர், ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோவிலில் மதலேனாவோடு தமிழ்ப் பாடல் குழுவில் பாடுபவர். ஜனவரியில் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டார்.

"ஒரு டெஸ்ட் இருக்கு. முடிச்சுட்டுச் சொல்றேன்" என்றாள் மதலேனா.

"எந்த சப்ஜெக்ட்?" என்று கேட்டார் ஜார்ஜ்.

அவள் பஸ் ஏறிவிட்டாள். பிப்ரவரியில் என் இயந்திரத்தில் அவள் தாள் சிக்கியது.

5

இங்கே எனக்கு ஒரு சிக்கல். கதையில் விஞ்ஞானம் சுலபமாக ஜெயிக்க வேண்டும் என்று வாசகர்கள் எதிர்பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான் எழுதினேன்: "அன்று மாலையே விடை கிடைத்தது." சிவப்புப் பென்சில் குறுக்கே ஓடியது. ஓரத்தில் "அஞ்சு மாசம்" என்று எழுதியிருந்தாள்.

அவளுடைய தலைவர் டாக்டர் ஜைனப். பினாங்கில் பிறந்த தமிழ் முஸ்லிம். சத்தமே போடாதவர். ஆம்ப்ரோஸின் ஜீனை முழுதும் படித்துவிடலாமா என்று மதலேனா போய்க் கேட்டாள்.

"முழுசா முடியாது மதலேனா. ஆள் இல்ல, நேரம் இல்ல. ஒரு துண்டுன்னா சரி. எந்தத் துண்டு? சும்மா கண்ணை மூடிட்டு ஒண்ணைத் தொடக் கூடாது."

மதலேனா தன் பட்டைகளை ஒரு பெரிய அட்டையில் ஒட்டி எடுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஜைனப் அதைச் சுவரில் சாய்த்து வைத்து, தேநீர் ஆறும்வரை பார்த்தாராம். எங்கே எழுத்து மாறாமல் இருக்கிறதோ அங்கே மாறினால்தான் நோய் வரும். ஆகவே அங்கேயே தேடுவோம். இதுதான் மதலேனாவின் வாதம்.

"ஒன்பதாம் காரணியில இந்த ஆறு 'சி' துண்டு ரெண்டு தடவ வருதே. எதுல ஆரம்பிக்கப் போறே?"

"ரெண்டாவதுல."

"ஏன்?"

"தெரியல டாக்டர். ஏதாவது ஒண்ணுல ஆரம்பிக்கணுமே."

டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ரத்தத்திலிருந்து ஜீனைப் பிரித்து, வேண்டிய துண்டை மட்டும் புதிதாக வந்த ஓர் இயந்திரத்தில் பெருக்கி, அதன் எழுத்துகளை எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புக் கோடுகளாக விழவைத்துப் படிக்க வேண்டும். ஜீனில் மூன்று எழுத்து சேர்ந்தால் புரதத்தில் ஓர் எழுத்து. ஒரு ஃபிலிம் கெட்டால் ஒரு வாரம் போச்சு. நான்கு கெட்டன. ஐந்தாவது தெளிவாக வந்தது. இரண்டாவது துண்டில் ஆம்ப்ரோஸுக்கு எல்லா எழுத்தும் சரியாக இருந்தது.

அன்றைக்கு அவள் நூலகத்துக்கு வரவில்லை. மறுநாள் வந்து, "நல்லா இருக்கான்க்கா, அந்தத் துண்டுல" என்றாள்.

முதல் துண்டைத் தொட ஆகஸ்ட் ஆகிவிட்டது. விளக்குப் பெட்டியின் மேல் ஃபிலிமை வைத்து அவள் வாய்விட்டுப் படிக்க, டாக்டர் ஜைனப் எழுதிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் மதலேனா நிறுத்தினாள். மறுபடி படித்தாள். மூன்றாவது 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'சி' இல்லை. 'ஒய்' இருந்தது. மாட்டுக்கு இருக்கிறது, ஈக்கு இருக்கிறது, அவள் தம்பிக்கு இல்லை.

"இன்னொரு தடவ செய்" என்றார் டாக்டர். செய்தாள். அதே 'ஒய்'.

அந்த மாற்றம் நோயில்லாதவர்களிடமும் சாதாரணமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. கட்டடத்தில் இருந்தவர்களிடம் ரத்தம் கேட்டார்கள். அஸ்மத் கொடுத்தார். நானும் கொடுத்தேன்; ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தேன் என்பது உண்மைதான், ஆனால் கொடுத்த பிறகு. எல்லோருக்கும் அந்த இடத்தில் 'சி' இருந்தது. எனக்கும் இருந்தது. எழுத்துப் பிழை இல்லை என்று என் வாழ்க்கையில் எனக்குச் சான்றிதழ் கிடைத்த ஒரே சமயம் அதுதான்.

6

இந்தப் பகுதியைப் பதினோரு முறை எழுதினேன். முதல் பத்தில் மழை பெய்தது, ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி அணைந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை பகல், தஞ்சோங் பகார் வீட்டுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். ஆம்ப்ரோஸுக்கு ஓவர்டைம். சாப்பிட்டு முடித்ததும் மதலேனா அந்த அட்டையை எடுத்து வந்து அம்மாவுக்கு விளக்கினாள். அல்போன்சம்மாளுக்கு அறுபது வயது. ஆங்கில எழுத்து தெரியாது. ஆனால் சிவப்புக் கோடு தெரிந்தது. ஆறு கோடுகளில் ஒன்று, ஆம்ப்ரோஸின் பட்டைக்கு வரும்போது மட்டும் விட்டுப்போயிருந்தது.

அவர் அந்தக் காலியான கட்டத்தின் மேல் விரலை வைத்தார். விரல் ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது.

"அடிச்சா இது மாறுமா?" என்று கேட்டார்.

"எதை அடிச்சா?"

"பிள்ளைய. கன்னத்துல."

மதலேனா புரியாமல் என்னைப் பார்த்தாள். அல்போன்சம்மாள் அட்டையைப் பார்த்தபடியே பேசினார்.

"பல்லு பிடுங்கின அன்னைக்குக் காலையில லாசரஸை அடிச்சேன். பல்லு வௌக்காம ஏமாத்திட்டான்னு. இந்தப் பக்கம். ஓங்கித்தான் அடிச்சேன். அதுலதான் உள்ள ஏதோ அந்துபோய் ரத்தம் நிக்கலையோன்னு... உங்க அப்பாகிட்டகூடச் சொல்லல. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். அவரு மன்னிச்சேன்னாரு. ஆனா ஆமாவா இல்லையான்னு அவருக்குத் தெரியாதுல்ல."

பத்தொன்பது வருஷம். அந்த வீட்டில் மூன்று பேர். மற்ற இருவருக்கும் தெரியாது.

"இல்லம்மா" என்றாள் மதலேனா. "அடிச்சா மாறாது. எது செஞ்சாலும் மாறாது. அவன் உன் வயித்துல வந்த அன்னைக்கே இது இப்படித்தான் இருந்தது. நீ அடிக்காம முத்தம் குடுத்திருந்தாலும் அன்னைக்கு நின்னிருக்காது."

அல்போன்சம்மாள் தலையாட்டினார். "அப்ப இது நான் குடுத்ததுதானே?" என்றார்.

இந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதலாம் என்று நான் ஒரு மாதம் யோசித்திருப்பேன். மதலேனா ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை.

"ஆமா. நீ குடுத்ததுதான்."

"ம்."

"மொத்தம் நானூத்திப் பதினஞ்சு எழுத்தும்மா. இது ஒண்ணு."

"மிச்சமெல்லாம்?"

"இதுவரைக்கும் படிச்சதெல்லாம் சரியா இருக்கு. நல்லாத்தான் குடுத்திருக்கே."

அல்போன்சம்மாள் விரலை எடுத்தார். சேலைத் தலைப்பால் அந்த இடத்தை, அழுக்குப் பட்டிருக்குமோ என்று, துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "மோர் ஊத்தவே இல்லையே உனக்கு" என்று எழுந்து உள்ளே போனார். சமையலறையில் குழாய் திறந்திருக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. நாங்கள் இருவரும் எழுந்து போகவில்லை. மோர் வந்தது; உப்பு போட மறந்திருந்தார். குடித்தேன்.

(இந்தப் பகுதியில் மதலேனா எதையும் அடிக்கவில்லை. 'அறுபது வயது' என்பதை மட்டும் 'அம்பத்தெட்டு' என்று திருத்தினாள். அம்மா சொல்லச் சொன்னாராம்.)

7

ஜார்ஜைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. மனிதராக அல்ல; பாத்திரமாக. நல்லவர். ஒன்பது மாதம் ஒரு டெஸ்ட் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தவர். இப்படிப்பட்ட ஆளைக் கதையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு வரைவில் அவரை ஓடவைத்தேன். நோய் விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்து, அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று சொல்லி, மார்சிலிங் பஸ்ஸில் ஏறி மறைகிறார். நன்றாக வந்திருந்தது. மூன்று பக்கம்.

மதலேனா படித்தாள். "ஓடற ஆளை எழுதறது ஈசிக்கா" என்றாள். அடித்தாள்.

நடந்தது வேறு. அக்டோபரில் மதலேனாவே ஒரு குழாய் ரத்தம் கொடுத்தாள். என்ன தேட வேண்டும், எங்கே தேட வேண்டும் என்று இப்போது தெரியும். தன் ரத்தத்தைத் தானே படிக்கக் கூடாது என்று டாக்டர் ஜைனப் சொல்லிவிட்டார், அவரே செய்தார். முடிவு வர ஒரு மாதம். அந்த மாதத்தில் அவள் ஜார்ஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"இன்னும் கல்யாணம் வேணுமான்னு, ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடி நீங்க பதில் சொல்லணும் ஜார்ஜ். வந்தப்புறம் சொன்னா அது எனக்கு வேணாம்."

இதை என்னிடம் அவள் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. "இது அநியாயம். அவர் என்ன பண்ணுவார் பாவம்?"

"நானும் முப்பது வருஷமா ரிப்போர்ட் இல்லாமத்தானே இருக்கேன்."

ஜார்ஜ் மூன்று நாள் டைம் கேட்டார். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் ஒரே கணக்கை இரண்டு முறை போட்டாராம். இரண்டாம் நாள் பள்ளி முடிந்ததும் ஜூரோங்குக்குப் போய், பட்டறை வாசலில் ஆம்ப்ரோஸுக்காக நின்றார். இரண்டு பேரும் கேன்டீனில் கேரம் ஆடினார்கள். ஜார்ஜ் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றார். நாலாவது ஆட்டத்தில்தான் கேட்டார்.

"எப்படி இருக்கு ஆம்ப்ரோஸ்? உண்மையைச் சொல்லு."

ஆம்ப்ரோஸ் ஸ்டிரைக்கரை வைத்துக்கொண்டே சொன்னானாம்: "வலிக்கும் சார். ரொம்ப வலிக்கும். சின்ன வயசுல ஏன் பொறந்தோம்னு இருக்கும். இப்ப இல்ல. இப்ப சிவப்புக் காயை எடுக்கப் போறேன்."

மூன்றாம் நாள் ஜார்ஜ் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை. நான் அங்கே ஏதாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். "மூன்றாம் நாள் அவர் கடற்கரையில்..." வேண்டாம். அந்த நாள் அவருடையது.

நான்காம் நாள் மார்சிலிங்கிலிருந்து பஸ் பிடித்து, புதிதாகத் திறந்திருந்த எம்ஆர்டி ரயில் பிடித்து, தஞ்சோங் பகார் நிலையத்தில் இறங்கி, வேலை முடிந்து வரும் மதலேனாவுக்காகப் படிக்கட்டருகில் நின்றார்.

"பயமா இருக்கு" என்றார் முதல் வார்த்தையாக. "பயம் போகல. போனதும் வந்து சொல்லலாம்னா நமக்கு வயசாயிடும். அதனால பயத்தோடயே வந்துட்டேன்."

"வீட்ல?"

"நான் சொல்லிக்கிறேன்."

மதலேனா அப்போது அழுதாள். இதை எழுத அவள் அனுமதி கொடுத்திருக்கிறாள். லேப் இல்லை என்பதால்.

8

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் ஜைனப் ஒரு கவரைக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பல வருஷப் பழக்கம். மதலேனா அதைப் பிரிக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் சிராங்கூன் ரோட்டில் ஒரு தோசைக் கடையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். மதலேனா, பக்கத்தில் ஆம்ப்ரோஸ், எதிரே ஜார்ஜ், அல்போன்சம்மாள், நான். கடையில் கூட்டம். மின்விசிறி சத்தம். பக்கத்து மேசைக் குழந்தை ஒன்று சாம்பாரைத் தட்டிவிட்டு அடி வாங்கிக்கொண்டிருந்தது. அல்போன்சம்மாள் அந்தத் தாயைப் பார்த்து, "விடும்மா, துடைச்சா போவுது" என்றார்.

மதலேனா கவரைப் பிரித்தாள். ஒரே ஒரு தாள். படித்தாள். மடித்தாள்.

இப்போது நான் உங்களுக்கு இரண்டு முடிவுகளை எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: மூன்றாவது இடத்தில் 'சி'யும் இருந்தது, 'ஒய்'யும் இருந்தது. அவள் சுமக்கிறாள்.

இரண்டாம் முடிவு: 'சி' மட்டும். அம்மாவிடமிருந்து அந்த நல்ல எழுத்து அவளுக்கு வந்திருந்தது, தம்பிகளுக்கு வரவில்லை.

எது உண்மை என்று எனக்குத் தெரியும். அன்று மாலை அந்தத் தாளை நானும் படித்தேன். அதை அப்படியே இங்கே எழுதியும் இருந்தேன். மதலேனா அந்த வரியை அடித்திருக்கிறாள், காகிதம் கிழியும் அளவுக்கு. ஒப்பந்தப்படி நான் ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டேன்.

"என் கதையை எல்லாம் குடுத்துட்டேன்லக்கா. என் ரத்தம் என்கிட்டயே இருக்கட்டும்."

ஆகவே எழுதமாட்டேன். 1989 ஜூனில் ஓஃபிர் ரோடு கோவிலில் அவர்கள் கல்யாணம் நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். அது இரண்டு முடிவிலும் நடக்கும். ஜார்ஜ் முன்பே பதில் சொல்லிவிட்டார்.

தோசைக் கடைக்குத் திரும்புகிறேன். தாளை மடித்த மதலேனா அதை ஜார்ஜிடம் கொடுக்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. முதலில் ஆம்ப்ரோஸ் பக்கம் சாய்ந்து, அவன் காதில் சொன்னாள். ஒரு சின்ன வாக்கியம். அவன் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"சரிக்கா. நான் எப்ப மாமா ஆகப்போறேன், அதைச் சொல்லு."

இது நான் எழுதிய வசனம் இல்லை. அவன் சொன்னது. முதல் முடிவில் வைத்து இதைப் படித்துப் பாருங்கள். பிறகு இரண்டாம் முடிவில் வைத்துப் படியுங்கள். ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. ஆனால் ஒன்றில் அவன் சிரித்துக்கொண்டே சொல்கிறான்; மற்றொன்றில் சிரித்துக்கொண்டு சொல்வதற்கு அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. எவ்வளவு நேரம் என்பதை நீங்கள் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ் கை நீட்டித் தாளை வாங்குகிறார். அல்போன்சம்மாள் யாரையும் ஒன்றும் கேட்காமல் ஆம்ப்ரோஸின் தட்டில் இன்னொரு தோசையை வைக்கிறார். என் இடம் காலியாகிறது, உட்காருங்கள். நான் கை கழுவப் போகிறேன்.